குளத்துக்கு மேலுள்ள காடு

(வன்னிக் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று இக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்டிருக்கும் மனுவிலே இரண்டு கோரிக்கைகள் உள. போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்த நம் மக்கள் ஆண்டுகள் பல கழித்துத் திரும்பி வந்தபோது, அவர்களுடைய வயல்களிலும் மேட்டுக்காணிகளிலும் எல்லைக் கற்கள் நின்றன; அந்நிலங்களை விடுவித்துத் தருக என்பது முதலாவது. குளங்களுக்கு மேற்புறத்தே எஞ்சியிருக்கும் காட்டையும் குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர் என்று பிரித்துத் தருக என்பது இரண்டாவது. முதலாவது கோரிக்கைக்காக எந்தக் கச்சேரிப் படியிலும் எந்த நீதிமன்றத்திலும் ஏறி நிற்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம். இரண்டாவது கோரிக்கையை மனுவிலிருந்து நீக்கவேண்டும் என்று கேட்பதற்கே இங்கு எழுந்திருக்கிறோம்.

இதனால் சிலருக்கு நம்மீது கோபம் வரக்கூடும். கூட்டத்துக்கு இனிப்பானதைச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டு போவது எளிது. ஆயினும் பத்தாண்டுகளின் பின் குளம் வற்றிக் கிடக்கும்போது, அன்று நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்களானால், அக்கேள்விக்கு நம்மிடம் விடையிராது. ஆகையால் நமது வாதத்தை இன்றே பொறுமையோடு கேட்டருள வேண்டுகிறோம்.

முதலிலே சட்டத்தைப் பார்ப்போம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும் வரையில், முடிக்கே உரியன என்று ஊகித்துக்கொண்டது. பல ஆண்டுகள் இடைவிட்டு மாத்திரம் பயிரிடத்தக்க சேனை நிலங்களும், கண்டிப் பகுதிக்குப் புறம்பான மாவட்டங்களில், காடு அல்லது தரிசு என்றே கொள்ளப்படும் என அது விதித்தது. நிரூபிக்கும் பாரம் முடியின்மேல் விழவில்லை. உறுதி எழுதிவைத்து அறியாத கமக்காரன்மேல் விழுந்தது. பின்னர் 1907 இல் 16 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டமும், 1937 இல் விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டமும் வந்தன. காடு யாருக்கு உரியது, அதில் நுழைவோனுக்கு என்ன தண்டனை என்பவற்றைச் சட்டம் விரிவாகச் சொல்லிற்று. காடு எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு, நெடுங்காலம் அதிகாரிகளிடம் ஒரே விடைதான் இருந்தது: மரத்துக்காக.

அந்தக் கண்ணுக்கு நமது காடு எவ்வாறு தோன்றிற்று? பாலை என்றால் புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டை. முதிரை என்றால் தளபாடம். கருங்காலி என்றால் கப்பலேறும் சரக்கு. விலைபோகாதவை யாவும் வெறும் பற்றை. ஆகவே நேரியதும் பருத்ததும் நோயற்றதுமான மரத்தைத் தேடித் தேடி வெட்டினர். கோணலும் குறளும் நின்றன. கமக்காரருக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது. முற்றிய நல்ல நெல்லையெல்லாம் விற்றுவிட்டுச் சாவியையும் பதரையும் விதைக்கென்று வைப்பவன் அடுத்த போகத்தில் எதை அறுப்பான்? பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்று முளைக்கும் பாலை பெருமரமாவதைக் காண இன்று பிறக்கும் குழந்தையின் ஆயுளும் போதாது.

மரம் போனால் அதனோடு மரம் மாத்திரம் போவதில்லை. பாலையும் வீரையும் பழுக்கும் காலத்தை நீங்கள் அறிவீர்கள். வெயில் கொளுத்தி, புல் கருகி, வேறு தீனி அருகிய நாட்களிலே கரடியும் குரங்கும் பறவைகளும் அப்பழங்களை நம்பி வாழ்கின்றன. கரடி தின்ற பழத்தின் விதை தொலைவிலே விழுந்து முளைக்கிறது. மரம் கரடியை ஊட்ட, கரடி மரத்தைப் பரப்புகிறது. பொந்து விழுந்த கிழமரம் மரவியாபாரிக்கு ஆகாதது. இருவாய்ச்சிப் பறவைக்கோ அப்பொந்துதான் குஞ்சு பொரிக்கும் வீடு. காய்ந்தது, கோணியது என்று அதையும் 'துப்புரவு' செய்பவர் அப்பறவையின் குடியைக் கெடுக்கிறார்.

1956 ஆம் ஆண்டிலே ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு கணக்கிட்டபோது, இத்தீவின் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கு காடாயிருந்தது. 1992 ஆம் ஆண்டுக் கணக்கில் அடர்ந்த காடு ஏறத்தாழ 24 பங்காகக் குறைந்துவிட்டது. இதன் பழி முழுவதையும் சேனை வெட்டிய ஏழையின் தலையிலே சுமத்துவது அரசாங்கங்களின் பழக்கமாயிற்று. பெருங் குடியேற்றத் திட்டங்களுக்கும், 1977 இன் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்துக்கும் வெட்டப்பட்ட காட்டைச் சேனைக்காரன் கணக்கிலே எழுத முடியாது.

அழிந்த காட்டுக்கு ஈடாக நட்டது என்ன? தேக்கு. 1950களில் கூட்டு மீள்வனமாக்கல் என்றொரு முறை வந்தது. சேனைக்காரன் காட்டை வெட்டி எரித்து, தன் பயிரின் நடுவே அரசாங்கத்தின் தேக்கங் கன்றுகளை நட்டு, சில போகங்களின் பின் அந்நிலத்தை விட்டு வெளியேறினான். தேக்கு நல்ல பலகை தரும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது காடாகுமா? நமது பாலையும் வீரையும் கடுங்கோடையிலும் பச்சையாய் நின்று நிழல் தருபவை. தேக்கோ அந்நாட்களில் இலை முழுவதையும் உதிர்த்து நிற்கும். உதிர்ந்த சருகில் தீ எளிதிற் பற்றும். தீயினால் அடிமரத்துப் பூண்டும் கன்றும் மடியும். பின்னர் மாரி பிறந்ததும், பெருத்த இலைகளிலே திரண்ட நீர் பாரமான துளிகளாக வெறுநிலத்தில் விழுந்து மண்ணை அரித்துச் செல்லும். கரடிக்கு அங்கே பழமில்லை, பறவைக்குப் பொந்துமில்லை. ஆயினும் கந்தோர்ப் பதிவேட்டில் அதுவும் மரம் நின்ற நிலமே.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்குத் தெற்கிலே புந்தல இன்னொரு சான்று. அம்பாந்தோட்டைப் பகுதியின் உவர்நிலத்தைத் திருத்துவதற்கென்று 1950களில் கொண்டுவந்து நட்ட சீமைக் கருவேல், பின்னர் புந்தலத் தேசிய பூங்காவுக்குள் புகுந்து, பறவைகள் இரைதேடும் திறந்த வெளிகளை முட்பற்றையாக்கிற்று. நட்டவர் கெடுக்க நினைத்து நடவில்லை. அந்நிலத்தில் முன்பு எது எதனோடு ஒட்டி வாழ்ந்தது என்பதை ஆராயாமல் நட்டனர், பிழை அதுவே.

இனிச் சிங்கராஜ வனத்தைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில், ஒட்டுப்பலகை ஆலைக்காக, இயந்திரங்களைக்கொண்டு அங்கே மரம் வெட்டினர். சிங்கள மக்களிடையேயிருந்து எழுந்த கண்டனத்தின் பின் 1977 இல் அவ்வெட்டு நின்றது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மக்கள் திரண்டு பேசினால் அரசாங்கம் கோடாரியைக் கீழே வைக்கும் என்பது இதில் முதற் பாடம். இரண்டாவது பாடம் அதன் ஓரங்களில் நட்ட பைன் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமால் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும், பிறநாட்டு அறிஞரோடு சேர்ந்து, அத்தோட்டங்களிலே சில நிரை பைன் மரங்களை அகற்றி, வெளிச்சம் விழுந்த இடங்களில் அக்காட்டுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு ஆராய்ந்தனர். கன்றுகள் செழித்தன. ஒற்றை மரத் தோட்டத்தை ஒரேயடியாக மொட்டையடிக்காமல், அதன் நிழலையே தாதியாகக்கொண்டு, மீண்டும் பலமரக் காட்டை எழுப்பலாம் என்று அவர்கள் காட்டினர். அது மழைநாட்டுக் காடு. நம்முடையது வரண்ட நாட்டுக் காடு. அவர்கள் முறையை அப்படியே நாம் எடுத்தாள முடியாது. ஆனால் வவுனியா, முல்லைத்தீவுத் தேக்கந் தோட்டங்களில் பாலையையும் முதிரையையும் வீரையையும் அவ்வாறு நட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு நியாயம் உண்டு.

யானையைப் பற்றிப் பேசாமல் வன்னியிலே காட்டைப் பற்றிப் பேச முடியாது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டிலே 400 இற்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானையால் 120 இற்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர். செத்தவர்களிற் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கமக்காரர். நெடுங்காலம் கையாளப்பட்ட கொள்கை யாது? யானையைத் துரத்திப் பூங்காவுக்குள் அடை. எல்லையில் மின்வேலி இடு. அவ்வேலி பல இடங்களில் எங்கே இடப்பட்டது தெரியுமா? ஒரு திணைக்களத்தின் காடு முடிந்து இன்னொரு திணைக்களத்தின் காடு தொடங்கும் கோட்டிலே. வேலிக்கு இப்பாலும் காடு, அப்பாலும் காடு; இருபாலும் யானை. கோப்பில் உள்ள எல்லையை யானை அறியுமா?

முதிர்ந்து மூடிய காட்டிலே யானைக்குப் புல்லும் தழையும் குறைவு. கைவிட்ட சேனையில் எழும் இளம் பற்றையும், கோடையில் நீர் வற்றிய குளத்தின் படுகையில் முளைக்கும் புல்லுமே அதற்கு நல்ல தீனி. நம் முன்னோர் சேனையை ஒருமுறை வெட்டிவிட்டுப் பல ஆண்டுகள் ஆறவிட்ட காலத்தில், அறுவடை முடிந்ததும் அந்நிலம் யானைக்குச் சென்றது. மழை தொடங்கியதும் மனிதனுக்குத் திரும்பியது. இன்று அச்சுழற்சி பல இடங்களிலே நின்றுவிட்டது. வேலிக்குள் அடைபட்ட தாய் யானைகளும் கன்றுகளும் தீனியின்றி மெலிந்து மாண்டதைத் தெற்கிலே ஆய்வாளர் பதிந்திருக்கின்றனர். யானை நடமாடும் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கில் மனிதரும் குடியிருக்கின்றனர் என்று கலாநிதி பிரிதிவிராஜ் பெர்ணாண்டோவும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டனர். அவர் தலைமையிலான குழு 2020 டிசம்பரில் அளித்த செயற்றிட்டம், யானையைச் சுற்றி வேலியிடுவதை விடுத்து, ஊரையும் வயலையும் சுற்றி வேலியிடுக என்றது. வயல்வேலியை விதைப்போடு இட்டு, அறுவடையோடு கழற்றுக என்றது. கமக்காரன் தானே காத்து, தானே பழுதுபார்க்கும் வேலி அது.

இப்போது குளத்துக்கு வருவோம். நமது மனுவின் இரண்டாவது கோரிக்கை இங்கேதான் நம் கழுத்தையே அறுக்கிறது.

குளம் என்பது கட்டும் துருசும் வானும் மாத்திரமல்ல. மேலே நீரேந்தும் காடு, அலைகரையில் நிற்கும் மரவரிசை, அதன் கீழே வண்டலைத் தடுக்கும் புற்றரை, கட்டின் பின்புறத்தே கசிநீரின் உவரை வயலுக்குச் செல்லவிடாது தடுக்கும் மருதும் பற்றையும் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே குளம். ஒரு குளத்தின் வான் கீழ்க்குளத்துக்கு வரத்து. அதன் வான் அடுத்ததற்கு வரத்து. மேலே ஒருவன் செய்யும் பிழையைக் கீழே நாலு ஊர் சுமக்கும்.

காட்டை வெட்டிய முதற் சில மாரிகளிலே குளத்துக்குத் தண்ணீர் கூடுதலாக வருகிறதே என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். அவர் சொல்வது மெய். வேரும் சருகும் பிடித்து மண்ணுக்குள் இறக்கிய நீர் இப்பொழுது ஒரே நாளில் ஓடி வருகிறது. ஆனால் அது தனியே வருவதில்லை. மண்ணையும் கொண்டு வருகிறது. வான் பாய்ந்து வீணாகிறது. குளத்தின் அடி மேடாகிறது. பின்பு அதே கமக்காரர் கட்டை உயர்த்தவும் வண்டல் அள்ளவும் பணம் கேட்டு நம்மிடம் மனு எழுதுவிக்க வருகிறார். கட்டை உயர்த்தினால் மேலேயுள்ள வயல் மூழ்கும். உயர்த்தாவிட்டால் சிறுபோகம் இல்லை. ஏக்கர்க் கணக்கிலே மேட்டுநிலம் பெற்று, அதற்குக் கீழேயுள்ள வயல் முழுவதன் நீரையும் இழப்பது எந்தக் கணக்கிலே இலாபமாகும்?

'அப்படியானால் திணைக்களத்தின் கற்கள் சரியா?' என்று கேட்பீர்கள். இல்லை. பத்து, இருபது ஆண்டுகள் மனிதர் இல்லாதிருந்த வயலிலே பற்றை வளர்ந்தது; வானிலிருந்து பார்த்தவருக்கு அது காடாய்த் தோன்றிற்று; வர்த்தமானியில் ஓர் அறிவித்தலோடு கமக்காரன் தன் காணியிலேயே அத்துமீறியவனானான். குண்டுக்கு அஞ்சி ஓடியதைக் காணியைக் கைவிட்டதாகக் கொள்வது எந்த நீதி? 2001 ஆம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை எஞ்சிய அரச காடுகளைத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. 2020 இல் இன்னொரு சுற்றறிக்கை அவற்றின் நிருவாகத்தைப் பிரதேச, மாவட்டச் செயலகங்களுக்கு மாற்றியது. அதை எதிர்த்து நீதிமன்றத்தில் மனுக்கள் எழுந்தன. ஒரு கடுதாசியால் காடாவதும் மறு கடுதாசியால் காணியாவதும் நிருவாகமன்று. நிலத்திலே சென்று, குடிகளை விசாரித்து, சாட்சியம் கேட்டு எல்லை குறிக்கப்படவேண்டும்.

சாட்சியம் நம்மிடம் உண்டு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற உத்தரவுப் பத்திரங்கள் உண்டு. கமநல சேவை நிலையங்களில் வயல் இடாப்புகள் உண்டு. பற்றைக்குள்ளே தூர்ந்த கிணறும், வரம்பும், தாத்தா நட்ட மாமரமும் உண்டு. காட்டின் பரப்பைக் கணக்கிட உதவிய அந்த 1956 ஆம் ஆண்டு ஆகாயப் படங்களே, எது அன்று வயல், எது அன்று காடு என்பதற்கும் சாட்சி சொல்லும்.

சாட்சியத்தை விட்டு இயந்திரத்தை நம்பியோர்க்கு நேர்ந்ததையும் நினைவிற்கொள்ளுங்கள். 1990 இல் வடக்கு முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அது பெரும் அநீதி. அவர்கள் தம் மண்ணுக்குத் திரும்பும் உரிமையை நாம் எங்கும் மறுக்கமாட்டோம். மறிச்சுக்கட்டிப் பக்கத்தில், அவர்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த காடும் பழைய காடும் சேர்ந்து 2012 இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. வில்பத்துவுக்கு வடக்கே மீள்குடியேற்றத்துக்கென்று காடு வெட்டப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழிப்பைச் சட்டவிரோதமென்று தீர்த்து, மீள மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. ஊர் திரும்புவோரின் நியாயமான உரிமை, காடு வெட்டிய வழக்காக உலகின் முன் நின்றது. நமது உரிமையையும் அவ்வாறு குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிவிடலாகாது.

மாறாக, எப்பாவலக் கமக்காரரைப் பாருங்கள். தம் ஊரின் பொசுபேற்றுப் படிவை அந்நியக் கொம்பனியோடு சேர்ந்து அகழும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே, நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு எசமான் அல்ல, மக்களுக்காக அதைக் காக்கும் பொறுப்பாளி என்ற கோட்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. 1840 இன் ஊகத்தை எதிர்த்து வாதிட இதைவிட நல்ல கருவி நமக்கு வேறில்லை. ஆனால் அது இருபுறமும் கூருள்ள கருவி. அரசு பொறுப்பாளி என்றால், நாமும் நமக்குப் பின் வருவோருக்காகக் காக்கும் பொறுப்பாளரே.

நம்மவரின் கைகளையும் சற்றுப் பார்ப்போம். இரவிலே முதிரைக் குற்றி ஏற்றிச் செல்லும் லொறி வேற்றுக்கிரகத்திலிருந்து வருவதில்லை. வழக்கு மன்றத்திலே நாம் காண்பது என்ன? மரம் தூக்கிய கூலிக்காரன் கூண்டிலே நிற்கிறான். லொறிக்குப் பணம் போட்டவன் வெளியே நின்று அவனுக்கு அபராதம் கட்டுகிறான். அப்பணக்காரன் கோயில் திருவிழாவிலே முதல் மரியாதை பெறும்வரை நாம் கொழும்பை மட்டும் குறைகூற முடியாது.

காணியின் நிருவாகம் அக்காணியில் வாழும் மக்களின் கைக்கு வரவேண்டும் என்பதில் நமக்குச் சற்றேனும் மாற்றமில்லை. 1987 இன் 13 ஆம் திருத்தத்தின் பின்னும் அரச காணி மத்தியின் பிடியிலேயே நின்றது; 2013 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதை உறுதிசெய்தது. அப்பிடி தளரப் போராடுவோம். ஆயினும் கொழும்பிலிருந்து வந்த தேக்கங் கன்றுக்குப் பதிலாக யாழ்ப்பாணத்திலிருந்து தேக்கங் கன்று வருவதாயின், கரடிக்கும் குளத்துக்கும் அதனால் என்ன விடுதலை? அதிகாரம் மாறும்போது எண்ணமும் மாறவேண்டும்.

ஆகவே மனுவை இவ்வாறு திருத்த வேண்டுமென்று பிரேரிக்கிறோம். முதலாவது, வயலும் மேட்டுக்காணியும் குளம் குளமாக, சாட்சியத்தோடு பட்டியலிடப்பட்டு விடுவிக்கப்படுக; கமக்காரர் அமைப்புகளும் திணைக்களமும் ஒன்றாய் நிலத்திலே சென்று எல்லை குறிக்கட்டும். இரண்டாவது, ஒவ்வொரு குளத்தினதும் நீரேந்து காட்டை நாமே அடையாளங் காட்டி, அதில் எவருக்கும், நமக்குங்கூட, காணி வழங்கலாகாது என்று எழுதுக. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் ஊரவர் செல்லும் உரிமை மட்டும் அதில் நிலைக்கட்டும். மூன்றாவது, தேக்கந் தோட்டங்களிலே சிறு பகுதிகளை ஐதாக்கி, நம் காட்டு மரங்களை நட்டு ஆராய்க. அவ்வேலை ஊர் இளைஞருக்கு வழங்கப்படுக. நான்காவது, யானை வேலி ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் இடப்படுக.

வெளியே மூன்று பேர் இரண்டாவது கோரிக்கைக்காகக் கையொப்பத் தாளோடு நிற்கிறார்கள் என்பதை அறிவோம். அவர்கள் நம் பகைவரல்லர், நிலமற்ற இளைஞர். அவர்களுக்கு நிலம் வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குரிய விடை ஆளின்றிக் கிடக்கும் பழைய வயல்களிலும், எவரும் குடியேறாத பங்கீட்டுக் காணிகளிலும் தேடப்படவேண்டும். நாளை காலை அவர்களோடு அமர்ந்து அந்தப் பட்டியலைத் தயாரிக்க நாம் இங்கேயே தங்குகிறோம். காணிப் பத்திரமோ பழைய வரைபடமோ வைத்திருப்போர் அவற்றோடு வாருங்கள். இன்று வாக்கெடுக்கும்போது, உங்கள் குளத்தின் அலைகரையில் நின்று மேலே பார்ப்பதாக எண்ணிக்கொண்டு கையை உயர்த்துமாறு கேட்டு அமர்கிறோம்.